சுண்ணாம்பும் அமீனும்: சிட்ரிக் அமிலத்தை மீட்கும் இரு வழிகள்

தண்ணீரில் கரைந்து கிடக்கும் அமிலத்தை எடுக்கத் தண்ணீரை வற்றவைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. நொதிகலனிலிருந்து இறங்கும் திரவத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்னும் கரும்பூஞ்சை சர்க்கரையைத் தின்று சிட்ரிக் அமிலத்தைக் கக்கி முடித்தபின் கலனில் இருப்பது மங்கலான பழுப்புக் குழம்பு. அமிலத்தோடு மிச்சச் சர்க்கரை, புரதத் துணுக்குகள், தாது உப்புகள், நிறமிகள், கொஞ்சம் ஆக்சாலிக் அமிலம் எல்லாம் அதில் இருக்கும். வற்றக் காய்ச்சினால் பாகுதான் கிடைக்கும், படிகம் கிடைக்காது. ஆவியாக்கி வடிக்கலாம் என்றால் சிட்ரிக் அமிலம் கொதித்து ஆவியாவதே இல்லை. ஏறத்தாழ 175 பாகை செல்சியஸைத் தாண்டினால் சிதைந்துபோகிறது.

ஆக, குழம்பிலிருந்து அமிலத்தை மட்டும் பிடித்து வெளியே இழுக்க ஏதாவது வேண்டும். இதற்குத் தொழிற்சாலைகள் கைக்கொண்ட வழிகளில் இரண்டை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று 1784-இல் ஸ்வீடன் மருந்தாளர் கார்ல் வில்ஹெல்ம் ஷேலே எலுமிச்சைச் சாற்றில் செய்து காட்டிய சுண்ணாம்பு வழி. மற்றது நீண்ட சங்கிலி அமீன்களை எண்ணெய் போன்ற கரைப்பானில் கரைத்து அமிலத்தை அதற்குள் இழுக்கும் வழி. இது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது.

பழையது எதிர் புதியது, கழிவுள்ளது எதிர் கழிவற்றது என்று இவற்றை நிறுத்துவது பாடப்புத்தக வழக்கம். வேதியியலைப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான்: அமிலத்தைக் காரம் ஒன்றைக் கொண்டு பிடிப்பது. சுண்ணாம்பும் காரம், அமீனும் காரம். பிடித்ததை எப்படி விடுவிக்கிறோம், அதற்கு எதைச் செலவழிக்கிறோம் என்ற இடத்தில்தான் வழிகள் பிரிகின்றன. செலவுக் கணக்கு முழுவதும் அந்த இரண்டாம் பாதியில் இருக்கிறது என்பதே என் வாதம்.

முதலில் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாற்றில் நீற்றுச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினால் உடனே பெரிதாக எதுவும் நடக்காது. அடுப்பில் ஏற்றிக் கொதிக்க விடும்போது வெள்ளையாகக் கால்சியம் சிட்ரேட் திரண்டு இறங்கும். குளிர்ந்த கரைசலில் சும்மா இருந்து கொதித்ததும் படிவது சிட்ரேட்டின் அடையாளம். பழைய பகுப்பாய்வுக் கூடங்களில் சிட்ரேட்டைக் கண்டுபிடிக்க இதையே சோதனையாக வைத்திருந்தார்கள். அதனால்தான் தொழிற்சாலையிலும் இந்தக் கட்டம் சூட்டிலேயே நடக்கிறது. ஆக்சாலிக் அமிலம் இருந்தால் அதற்கும் இடம் உண்டு: கரைசல் நல்ல புளிப்பாக இருக்கும்போதே சிறிது சுண்ணாம்பு இட்டால் கால்சியம் ஆக்சாலேட் முந்திக்கொண்டு படியும். அதை வடித்து எறிந்தபின் மீதிச் சுண்ணாம்பை இடுவார்கள்.

வடிதுணியில் தங்கிய வெள்ளைக் களியை வெந்நீரில் கழுவினால் சர்க்கரையும் நிறமும் ஓடிவிடும். பிறகு அதில் சல்ஃபியூரிக் அமிலம் சேர்ப்பார்கள். கால்சியம் சல்ஃபேட்டோடு சேர்ந்து ஜிப்சமாக உட்கார்ந்துவிட, சிட்ரிக் அமிலம் விடுபட்டுத் தண்ணீருக்குத் திரும்புகிறது. ஜிப்சம் லிட்டருக்கு இரண்டு கிராமுக்குச் சற்று மேலாகக் கரையக்கூடியது என்பதால் கொஞ்சம் கால்சியமும் சல்ஃபேட்டும் தப்பி வரும். அவற்றை அயனிப் பரிமாற்றப் பிசினில் பிடித்து, நிறத்தைக் கரித்தூளில் போக்கி, வற்றவைத்துப் படிகமாக்குவார்கள். 36.6 பாகைக்கு மேல் படிகமானால் நீரற்ற சிட்ரிக் அமிலம். அதற்குக் கீழே என்றால் ஒரு நீர் மூலக்கூறைச் சேர்த்துக்கொண்ட படிகம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு டன் நீரற்ற சிட்ரிக் அமிலத்துக்குச் சமன்பாட்டின்படியே 0.58 டன் நீற்றுச் சுண்ணாம்பும் 0.77 டன் சல்ஃபியூரிக் அமிலமும் செலவாகின்றன. பின்னால் விழும் ஜிப்சம் 1.34 டன். விற்கும் பொருளைவிடக் கொட்டும் பொருள் அதிகம். ஜிப்சம் நஞ்சல்ல, சிமென்ட்டுக்கும் சுவர்ப்பலகைக்கும் வேண்டியதுதான். ஆனால் நொதித்த குழம்பின் வாடையும் நிறமும் ஏறிய ஈர ஜிப்சத்தை வாங்க ஆள் பிடிப்பது தனி வேலை. ஆள் அகப்படாவிட்டால் அது மேடாகக் குவியும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்த வெள்ளைக் களியின் அருமையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. கால்சியம் சிட்ரேட் உலர்ந்த பொடி. கெடாது, ஒழுகாது, மூட்டை கட்டலாம், கப்பலில் ஏற்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிட்ரிக் அமில வணிகமே இதன் முதுகில் ஏறி நடந்தது. இங்கிலாந்தில் 1826 வாக்கில் தொழில்முறை உற்பத்தி தொடங்கியது. பழம் விளைந்தது சிசிலியில். சாறாக அனுப்பினால் வழியில் நொதித்துவிடும். காய்ச்சி இறுக்கிய சாறாக அனுப்பிப் பார்த்தார்கள். பிறகு தோட்டத்துக்குப் பக்கத்திலேயே சுண்ணாம்பிட்டுச் சிட்ரேட்டாக்கி அனுப்பினார்கள். பிடிக்கும் வேலை மத்தியதரைக் கடற்கரையில், விடுவிக்கும் வேலை சல்ஃபியூரிக் அமிலம் மலிவாகக் கிடைத்த தொழில் நாடுகளில். ஒரு வேதிவினையின் இரண்டு பாதிகள் இரண்டு நாடுகளில் நடந்தன. இது சுண்ணாம்பால் மட்டும் முடிகிற காரியம்.

1917-இல் ஜேம்ஸ் கரி, பூஞ்சை சர்க்கரையிலிருந்து ஏராளமாகச் சிட்ரிக் அமிலம் தருவதைக் காட்டினார். 1919-இல் ஃபைசர் நிறுவனம் புரூக்ளினில் அதைத் தொழிலாக்கியது. எலுமிச்சைத் தோட்டம் கதையிலிருந்து வெளியேறியது, சுண்ணாம்பு வெளியேறவில்லை. பழச்சாறு இருந்த இடத்தில் பூஞ்சைக் குழம்பு வந்து நின்றதே தவிர, அதிலிருந்து அமிலத்தை எடுக்க ஷேலேயின் வழியே தொடர்ந்தது. டார்டாரிக் அமிலத்தையும் அவர் இதே வழியில்தான் முன்னமே பிரித்திருந்தார். நம் புளியின் புளிப்பும் அந்த அமிலம்தான்.

இனி அமீன். இது எலுமிச்சையோடு தொடங்கிய கதையல்ல. 1948-இல் ஸ்மித், பேஜ் என்ற இருவர், நீண்ட கார்பன் சங்கிலி கொண்ட அமீன்கள் நீரிலிருந்து அமிலத்தைப் பிடித்து எண்ணெய் அடுக்குக்குள் கொண்டுபோவதைப் பற்றி எழுதினார்கள். இந்த ஸ்மித், அதே ஆண்டில் கிளாக்ஸோவில் வைட்டமின் பி12-ஐத் தனித்துப் பிரித்த லெஸ்டர் ஸ்மித். 1950-களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடம் யுரேனியத் தாதுக் கரைசலைப் பிரிக்க அமீனை எடுத்துக்கொண்டது. உணவுச் சாமானுக்கு அது வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு.

அமீன் ஏன் தேவைப்பட்டது என்பதைப் பிரிபுனல் ஒன்றை வைத்தே காட்டலாம். 0.1 மோலார் சிட்ரிக் அமிலக் கரைசலில் 5 மில்லி எடுத்து, ஃபினால்ஃப்தலீன் இட்டு, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்த்தால் 15 மில்லி போகும். இப்போது அந்தக் கரைசலோடு சம அளவு ஆக்டனால் ஊற்றிக் குலுக்கி, அடுக்குகள் பிரிந்ததும் கீழ் அடுக்கிலிருந்து 5 மில்லி எடுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அதே 15 மில்லிதான் போகும். மூன்று கார்பாக்சில் குழுக்களும் ஒரு ஹைட்ராக்சில் குழுவும் உள்ள அமிலம் தண்ணீரை விட்டு ஏன் வரவேண்டும்? அடுத்த புனலில் ஆக்டனாலோடு மூன்றில் ஒரு பங்கு ட்ரைஆக்டைல் அமீன் கலந்து ஊற்றிக் குலுக்குங்கள். அடைப்பைத் திறந்து காற்றை விட்டு நிறுத்திவைத்தால், சற்று நேரம் பால்போலக் கலங்கி நின்று பிறகு தெளியும். இந்தமுறை கீழ் அடுக்கின் 5 மில்லி, ஒன்றிரண்டு மில்லி காரத்திலேயே இளஞ்சிவப்பாகிவிடும். அமிலம் மேல் அடுக்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

மேல் அடுக்கில் இருக்கும் அமிலச் செறிவைக் கீழ் அடுக்கின் செறிவால் வகுத்தால் வருவது பங்கீட்டுக் கெழு. அது 0.1 என்றால் சம அளவுக் கரைப்பானால் ஒருமுறை குலுக்கும்போது 9 விழுக்காடு அமிலம் மேலே போகும். 10 என்றால் 91 விழுக்காடு போகும். வெறும் கரைப்பானுக்கும் அமீனுக்கும் இடையே உள்ள தூரம் இப்படிப்பட்டது.

நடப்பது இதுதான். அமீனிலுள்ள நைட்ரஜன் அமிலத்தின் புரோட்டானை வாங்கிக்கொள்கிறது. பிறக்கும் நேர்மின் அமோனியமும் எதிர்மின் சிட்ரேட்டும் ஒட்டிக்கொண்டு அயனி இணையாக எண்ணெய்க்குள் நுழைகின்றன. எண்ணெய்க்கு அயனிகள் பிடிக்காது என்பதால் இடையில் ஒரு துணை வேண்டும். அந்த வேலையை ஆக்டனாலின் ஹைட்ராக்சில் குழு செய்கிறது. துணையில்லாமல் அமீனை வெறும் மண்ணெண்ணெய் போன்ற ஹைட்ரோகார்பனில் கரைத்துக் குலுக்கினால் புனலில் இரண்டுக்குப் பதில் மூன்று அடுக்குகள் தெரியும்: மேலே எண்ணெய், கீழே தண்ணீர், நடுவே அமிலம் ஏறிய அமீன் கொழகொழவென்று. தொழிற்சாலைக் குழாய்களில் இந்த மூன்றாம் அடுக்கு உருவானால் அன்றைய வேலை நின்றது.

எந்த அமீன் என்பதிலும் தேர்வு உண்டு. முதல்நிலை அமீன் தண்ணீரில் அதிகம் கரைந்து தொலைகிறது. இரண்டாம்நிலை அமீன் நன்றாகப் பிடிக்கும். சூடேற்றும்போது அமிலத்தோடு வினைபுரிந்து அமைடாகிக் கெடும். நான்காம்நிலை அமோனிய உப்பு பிடித்தால் எளிதில் விடாது. மிஞ்சுவது மூன்றாம்நிலை: ட்ரைஆக்டைல் அமீன், ட்ரைடோடெசில் அமீன், எட்டும் பத்தும் கார்பன் கலந்த அலமீன் 336. பெர்க்லியில் ஜட்சன் கிங் குழுவினர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். 1986-இல் கெர்ட்டஸோடு கிங் எழுதிய மதிப்புரையும், 1990-இல் டமாடாவோடு சேர்ந்து வந்த மூன்று கட்டுரைகளும் இத்துறைக்கு வருகிறவர்கள் இன்றும் முதலில் கையில் எடுப்பவை.

பிடித்தாயிற்று. விடுவிப்பது எப்படி? சுண்ணாம்புக்காரர் வலிய அமிலம் ஒன்றை இட்டு நெல்லிக்காய் மூட்டையை அவிழ்ப்பதுபோல ஒரே வீச்சில் வேலையை முடிக்கிறார். அமீனில் அப்படிச் செய்தால் அமீனுக்கும் உப்பு, அதை மீட்க இன்னொரு காரம், மறுபடி கழிவு உப்பு என்று ஷேலேயிடமே திரும்பிவிடுவோம். இங்கே உதவுவது வெப்பம். அமீன் அமிலத்தைப் பிடிக்கும்போது வெப்பம் வெளியேறுகிறது, ஆகவே சூடேற்றினால் பிடி தளர்கிறது. குளிர்ச்சியில் அமிலத்தைக் கரைப்பானுக்கு ஏற்றி, சூட்டில் சுத்தமான தண்ணீரைக் காட்டி அதைத் தண்ணீருக்கே திரும்ப இறக்கலாம். இஸ்ரேலின் அவ்ராகாம் பனியேலும் கூட்டாளிகளும் 1981-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையின் உயிர்நாடி இந்த வெப்ப ஊஞ்சல்தான்: ஏற்றும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 20 பாகை கூடுதலில் இறக்க வேண்டும். ஷேலேயின் நாட்டவரான வென்னர்ஸ்டன் 1983-இல் சிட்ரிக் அமிலக் குழம்பில் மூன்றாம்நிலை அமீனின் நடத்தையை ஆராய்ந்து எழுதினார். இந்த ஊஞ்சலுக்கு நன்றாக இசைவது சிட்ரிக் அமிலம். அசெட்டிக் போன்ற ஒற்றைக் குழு அமிலங்களுக்கு வெப்பத்தால் வரும் வித்தியாசம் குறைவு.

சுண்ணாம்பும் இல்லை, சல்ஃபியூரிக் அமிலமும் இல்லை, ஜிப்சமும் இல்லை. அமீன் சுற்றிச் சுற்றி வருகிறது. காகிதத்தில் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும்.

ஆனால் கழிவு உப்பின் இடத்தில் நீராவிக் கட்டணம் வந்து உட்காருகிறது. வெப்ப ஊஞ்சலில் இறங்கும் அமிலம் தண்ணீரில் கரைந்தபடியேதான் வருகிறது. அதைப் படிகமாக்க எவ்வளவு தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும் என்பதை ஊஞ்சலின் வீச்சு தீர்மானிக்கிறது. அமீனை வலிமையாக்கினால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் விடாது. ஆக்டனாலைக் கூட்டினாலும் அப்படித்தான். பிடிமானத்தில் கூடுகிற ஒவ்வொரு புள்ளிக்கும் இறக்குமிடத்தில் விலை உண்டு. சுண்ணாம்புக்கு இந்தச் சங்கடமே கிடையாது. சிட்ரேட் எவ்வளவு இறுக்கமாகப் படிந்தாலும் சல்ஃபியூரிக் அமிலம் அதைவிட வல்லது, செறிவான கரைசலாகவே கையில் தந்துவிடும். ஜிப்சம் என்று நாம் பழிப்பது ஒருவகையில் அந்தச் செறிவுக்குக் கொடுத்த விலை.

இன்னொரு வித்தியாசம் குழம்பின் அழுக்கைத் தாங்கும் சக்தி. சுண்ணாம்பு முரட்டுப் பிள்ளை. புரதம் இருந்தால் என்ன, பூஞ்சை இழை கொஞ்சம் தப்பினால் என்ன, படிவதைப் படியவைத்துவிடும், கழுவிக்கொள்ளலாம். கரைப்பானுக்கு அப்படி இல்லை. புரதம் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே போய் நின்று பால்மத்தைத் தெளியவிடாமல் செய்யும். முதலில் குழம்பை நன்றாக வடித்துத் தெளிவாக்கியாக வேண்டும். கழிவு நீரோடு சொட்டுச் சொட்டாகக் கரைப்பான் போவதும் நட்டக் கணக்கில் ஏறும்.

உணவில் சேர்வது என்பதால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அமெரிக்க உணவு விதிகளில் சிட்ரிக் அமிலத்தைக் கரைப்பானால் பிரிப்பதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. அனுமதிக்கப்பட்ட கலவை ஆக்டைல் ஆல்கஹால், செயற்கை ஐசோபாரஃபின் ஹைட்ரோகார்பன், ட்ரைடோடெசில் அமீன். படிகத்தில் தங்கக்கூடிய எச்சத்துக்கும் வரம்பு: ஆல்கஹால் பத்து லட்சத்தில் 16 பங்கு, ஹைட்ரோகார்பன் 0.47 பங்கு, அமீன் நூறு கோடியில் 100 பங்கு. மூன்றில் அமீனுக்குத்தான் கயிறு மிக இறுக்கம். சுண்ணாம்பு வழியில் தப்பிவரும் கால்சியத்தைப் பற்றி யாரும் இவ்வளவு பதறுவதில்லை, அது எலும்புக்கு நல்லது என்று விளம்பரம் செய்து தனியாகவே விற்கிறார்கள்.

ஆண்டுக்கு இருபது லட்சம் டன்னைத் தாண்டும் உலகச் சிட்ரிக் அமில உற்பத்தியில் பெரும்பங்கு சீனாவுடையது. அங்கே கால்சியம் வழிதான் நெடுங்காலமாகக் கோலோச்சியது. இதைப் பழமையில் ஊறிய பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. சுண்ணாம்புக் கல்லும் சல்ஃபியூரிக் அமிலமும் மலிவாகவும் ஜிப்சம் கொட்ட இடமும் இருக்கிற ஊரில் கணக்கு ஒருவிதமாக வரும். கொட்டுவதற்குக் கட்டணம் கேட்கிற ஊரில் வேறுவிதமாக வரும்.

அமீன் வழிக்குச் சிட்ரிக் அமிலத்தில் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. அமீன் பிடிப்பது பிரியாமல் முழுதாக இருக்கும் அமில மூலக்கூறை. ஏற்கெனவே உப்பாகிவிட்ட சிட்ரேட் அயனியைச் சாதாரண மூன்றாம்நிலை அமீன் சீண்டாது. கரும்பூஞ்சையோ அமிலத்தைக் கக்கிக் கக்கிக் குழம்பின் பிஎச்சைத் தானே 2-க்குக் கொண்டுவந்து, அந்தப் புளிப்பிலேயே வேலை செய்கிறது. சிட்ரிக் அமிலத்தின் முதல் பிகேஏ 3.13 என்பதால், பிஎச் 2-இல் 93 விழுக்காடு மூலக்கூறுகள் முழுதாகவே இருக்கின்றன. அமீனுக்குக் காத்திருக்கும் விருந்து.

லாக்டிக் அமிலத்தில் இந்த வசதி இல்லை. அதைத் தரும் பாக்டீரியாக்களுக்குத் தாம் விடும் அமிலமே ஆகாது. பிஎச் 5, 6 என்று பார்த்துக்கொள்ளக் கலனிலேயே சுண்ணாம்பு இட்டுக்கொண்டிருக்க வேண்டும். பிகேஏ 3.86 உள்ள அந்த அமிலம் பிஎச் 5.5-இல் முழு மூலக்கூறாக இருப்பது 2 விழுக்காடு மட்டுமே. அமீனைக் கொண்டுவந்து ஊற்றினால் பிடிக்க எதுவும் இருக்காது. முதலில் சல்ஃபியூரிக் அமிலம் இட்டு லாக்டேட்டை அமிலமாக்கியாக வேண்டும். ஒரு டன் லாக்டிக் அமிலத்துக்கு 0.96 டன் ஜிப்சம் விழுந்தபின்தான் அமீனுக்கு முறை வரும். சுண்ணாம்பை விலக்கவந்த அமீன், சுண்ணாம்பு வேலையை முடித்துவிட்டுப் போகும்வரை வாசலில் நிற்கிறது. கரியமில வாயுவை அழுத்தத்தில் செலுத்திச் சோடியம் லாக்டேட்டிலிருந்து அமிலத்தை அமீனுக்குள் தள்ளி, பைகார்பனேட்டைத் தண்ணீரில் திரும்பப் பெறும் முறைக்கும் பனியேல் குழுவினர் காப்புரிமை வாங்கினார்கள். வேதியியலாக அழகானதுதான், ஆனால் அதற்கு அழுத்தக் கலன்கள் வேண்டும்.

நெப்ராஸ்காவின் பிளேர் நகரில் 2002-இல் பாலிலாக்டிக் அமில ஆலையைத் திறந்த கார்கில் கூட்டு நிறுவனத்துக்கு இதே ஜிப்சத் தொல்லை இருந்தது. கார்கில் ஆய்வாளர்கள் கரைப்பானை மேலும் துலக்குவதோடு நிற்காமல் நுண்ணுயிரையே மாற்றினார்கள்: குறைந்த பிஎச்சிலும் சுணங்காமல் லாக்டிக் அமிலம் தரும் ஈஸ்ட். 2008-இன் கடைசியில் அது ஆலைக்குள் வந்தது. கலனில் இடவேண்டிய சுண்ணாம்பு குறைந்தது, சல்ஃபியூரிக் அமிலமும் ஜிப்சமும் கூடவே குறைந்தன. கரும்பூஞ்சை தன் இயல்பாலேயே அமீனுக்குக் கொடுத்துவைத்திருந்த புளிப்பை, அங்கே மரபணுவைத் திருத்தி உண்டாக்க வேண்டியிருந்தது.